பாதி குறைந்த சத்தம்

சம்சுன்னிசாவுக்கு நான் சொன்ன முதல் வணக்கத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை. உயரமான தகரக் கூரை, எண்ணெய் வாடை, மூலையில் ஒரு பெரிய மின்விசிறி. அந்த விசிறிக்கு எதிரே மேசை போட்டு, ஏதோ ஒரு கருவியின் பின்புறத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். சாம்பல் நிற முக்காடு, நீலச் சட்டை, மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நான் அவருக்கு வலப்பக்கம் நின்று இன்னொரு தடவை வணக்கம் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. திமிர் பிடித்த அம்மா போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அலுவலக அறையிலிருந்து பட்டறை முதலாளி நூருல் அமீன் தலையை நீட்டினார். "டாக்டர், அந்தப் பக்கம் போய் நின்னு பேசுங்க. அக்காவுக்கு வலது காது கேக்காது."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் விமானத்தின் ரேடியோவில் கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நான் அங்கே போயிருந்தேன். சிங்கப்பூரில் அதற்கு ஒரே ஆள் இருக்கிறார் என்று பேர் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். அந்த ஆளுக்கு ஒரு காது கேட்காது.

இடப்பக்கம் போய் நின்றேன். உடனே நிமிர்ந்து சிரித்தார். "சாரி டாக்டர், நீங்க வந்தது தெரியல. சத்தம் எப்படி இருக்கும்னு வாயால செஞ்சு காட்டுங்க."

"வாயாலயா?"

"ஆமா. வெக்கப்படாதீங்க. எல்லாரும் செய்வாங்க."

நான் ஃபேரர் பார்க்கில் முப்பது வருடமாகப் பல் மருத்துவமனை நடத்துகிறவன். மாசிலாமணி என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான் அந்தப் பட்டறை நடுவில் நின்றுகொண்டு கொசு மாதிரி "ஈஈஈ" என்று கத்திக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்ஜின் வேகம் கூட்டுனா சத்தமும் மேல ஏறுதா?"

"ஏறுது."

"நடுவுல வெடிக்கிற மாதிரி டப்பு டப்புன்னு ஏதாச்சும்?"

"ரெண்டு வாரமா அதுவும் வருது."

"சரி. வண்டியக் கொண்டு வாங்க."

அவர் எல்லா விமானத்தையும் வண்டி என்றுதான் சொல்வார்.

எங்கள் வண்டி நான்கு பேர் உட்காரும், ஒரே இன்ஜின் கொண்ட பழைய விமானம். நானும் ராஜீவும் சேர்ந்து வாங்கியது. ராஜீவ் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். கப்பல் சரக்குத் தொழில் செய்கிறவர், எதையும் வேகமாக முடிக்க வேண்டும் அவருக்கு. அவரை எனக்குத் தெரிந்ததே பறக்கக் கற்றுக்கொண்ட இடத்தில்தான். தை மாதத்தில் அந்தக் கீச்சுச் சத்தம் தொடங்கியது. சின்ன விமானத்தில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதும் அதே ஹெட்செட்டில்தான். அந்த ஹெட்செட்டுக்குள் ஒரு கொசு புகுந்துகொண்ட மாதிரி இருந்தது.

முதலில் புது ஹெட்செட் வாங்கினோம். கொசு போகவில்லை. வேறொரு இடத்தில் கொடுத்தோம். சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நிம்மதி. பிறகு சத்தம் திரும்ப வந்தது, கூடவே அந்த வெடிப்பும். ஒரு காலை தரையிறங்க அனுமதி கேட்டபோது, கோபுரத்திலிருந்த பெண் மூன்று தடவை "மறுபடி சொல்லுங்கள்" என்றார். மூன்றாவது தடவை அவர் குரலில் இருந்த பொறுமை எனக்குப் பயத்தைத் தந்தது. எனக்குப் பின்னால் ஒரு ஜெட் விமானம் வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு சம்சுன்னிசா வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் நான் அவருடைய நல்ல காதின் பக்கம் இருப்பேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர்."

ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாக இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகுதான் இன்ஜின் பிடித்தது. கீச்சு வந்தது. அவர் முகம் மாறியது. எப்படி மாறியது என்று சொல்வது கடினம். கூட்டமான சந்தையில் தெரிந்த குரல் ஒன்று காதில் விழுந்தால் நாம் சட்டென்று நிற்போமே, அப்படி.

பிறகு ஒரு மணி நேரம் அவர் செய்தது எல்லாம் ஒரே காரியம்தான். ஒன்றை நிறுத்துவார், கேட்பார். திரும்பப் போடுவார், கேட்பார். மடியில் ஒரு தாள். இறக்கை விளக்கை அணைக்கச் சொன்னார், மாற்றமில்லை. ரேடியோவையே அணைக்கச் சொன்னார். ரேடியோ செத்த பிறகும் கொசு பாடியது. "அப்ப ரேடியோ மேல குத்தம் இல்ல" என்று தாளில் ஒரு கோடு போட்டார். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை நிறுத்தச் சொன்னார். சத்தம் கத்தியால் வெட்டியது போல நின்றது.

"கண்டுபிடிச்சாச்சு!" என்றேன்.

"இல்ல டாக்டர். எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியுது. எந்த வழியா உள்ள வருதுன்னு தெரியலியே."

ஹெட்செட்டுகளின் செருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்னிருக்கையின் இடப்பக்கச் செருகியைப் பிடுங்கியதும் அவர் விரல் நின்றது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "இப்பக் கொஞ்சம் குறைஞ்சிச்சு" என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், அப்போதும் தெரியவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு, பின்னிருக்கைச் சுவரின் உறையைக் கழற்றினார். செருகி பொருந்தும் உலோகத் துளைக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. அந்த வாஷர் விரிசல் விட்டு, பாதி உதிர்ந்திருந்தது. விரல் நகம் அளவு. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புதிது போட்டு, மறுபடி இன்ஜினை ஓட்டினோம். கொசு இருந்தது, ஆனால் பாதி தூரத்துக்குப் போய்விட்டது. இப்போது எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை ராஜீவ் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வைஷாலியையும் மகள் ரக்‌ஷனாவையும் கூட்டிக்கொண்டு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் பறப்பதாக ஏற்பாடு. கடல்மேல் போகும் வழி. ஹெட்செட்டை மாட்டிக் கேட்டுவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார்.

"சூப்பர் அக்கா. இது போதும் லா. Almost gone. நான் ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிறேன்."

"முடியாது தம்பி," என்றார் சம்சுன்னிசா.

"ஏன்? கேக்குதே. டவர் பேசுறது clear-ஆ இருக்கு."

"சத்தம் போயிருக்கணும். பாதி குறைஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ராஜீவ் என்னைப் பார்த்தார். "டாக்டர், இது வெறும் noise. இன்ஜின் நல்லா ஓடுது. ஒரு கொசுச் சத்தத்துக்காக வண்டியப் பிடிச்சு வெச்சுக்கணுமா?"

சம்சுன்னிசா கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அந்த வாஷர் உடைஞ்ச இடம் ஒரு ஓட்டை மாதிரி தம்பி. ஓட்டை வழியா கரண்ட் வந்துச்சு, நான் அடைச்சிட்டேன். சரி. ஆனா கரண்ட் ஏன் அந்த ஓட்டையத் தேடி வரணும்? அது வீட்டுக்குப் போக அவ்வளவு பெரிய பாதை போட்டு வெச்சிருக்கே. அத விட்டுட்டு ஏன் சந்து பொந்தெல்லாம் நுழையுது?"

"ஃபில்டர் இன்னொன்னு போட்டுட்டா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவ போட்டிருக்கேன்," என்றார். "பதினோரு வருசம் ஆச்சு. இதே மாதிரி கீச்சு. ஒரு அவசரம், நாளைக்கே வண்டி வேணும்னாங்க. நான் ஃபில்டர் போட்டேன். சத்தம் அடங்கிருச்சு, கையெழுத்துப் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு, இறங்குற நேரத்துல இன்ஜினக் கட்டுப்படுத்துற கம்பி இறுகிக்கிச்சு. ஓடுபாதையத் தாண்டிப் போய்ப் புல்லுல குத்தி நின்னுச்சு. ஓட்டுனவருக்குக் கழுத்தெலும்பு முறிஞ்சிருச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரியில போய் அவரப் பார்த்தேன். அவருக்கு நான் யாருன்னுகூடத் தெரியாது. பூ வாங்கிட்டு வந்ததுக்குத் தேங்க்ஸ் சொன்னாரு."

ராஜீவ் அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

சம்சுன்னிசா என் பக்கம் திரும்பினார். "டாக்டர், நேத்து ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி முக்குச்சே. எத்தன நாளா அப்படி?"

யோசித்தேன். "ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்கும். பேட்டரி பழசாயிருச்சுன்னு நினைச்சோம்."

"பேட்டரியக் காலையிலேயே பார்த்துட்டேன். நல்லா இருக்கு."

அவர் மீட்டரை எடுத்தார். நீளமான இரண்டு கம்பிகளில் ஒன்றை இன்ஜினின் உடம்பில் கவ்வ வைத்தார், மற்றதை விமானத்தின் உடம்பில். இரண்டு கம்பிகளையும் விமானத்தின் மூக்கிலிருக்கும் சுழல்விசிறியை விட்டு விலக்கி இருக்கைக்கு இழுத்துக்கொண்டுவந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். எரிபொருளை அடைத்துவிட்டு, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி எல்லாவற்றையும் அணைத்த பிறகு, ஸ்டார்ட்டரை மட்டும் ஐந்து விநாடி சுற்றச் சொன்னார்.

"இன்ஜினும் உடம்பும் ஒரே எர்த்துல இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஏறக்குறைய ஒண்ணுமே இருக்கக் கூடாது."

சுற்றினேன். மீட்டரில் எண்கள் ஓடின. மூன்றரை வோல்ட்டுக்குப் போய் நின்றது.

சம்சுன்னிசா உடனே இறங்கினார். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார். இன்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு கம்பியாக, புறங்கையால் தொட்டுக்கொண்டே போனார். காய்ச்சல் பார்க்கும் தாய் மாதிரி. ஓர் இடத்தில் கை நின்றது.

"தம்பி, இங்க வாங்க. இதத் தொட்டுப் பாருங்க."

ராஜீவ் வந்து தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். இன்ஜின் ஓடவே இல்லை. ஐந்து விநாடி ஸ்டார்ட்டர் சுற்றியது, அவ்வளவுதான். அந்தக் கம்பி சுட்டது.

அது இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதை விமானி உள்ளிருந்து மாற்றும் கம்பி. நீண்ட உறைக்குள் வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போகும். அதற்கும் மின்சாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது.

பிறகு எர்த் பட்டையைக் கண்டுபிடித்தார். இன்ஜினையும் விமானத்தின் உடம்பையும் இணைக்கும், மெல்லிய செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த கைவிரல் அகலப் பட்டை. ஸ்டார்ட்டருக்குள் போகும் மின்சாரம் எல்லாம் திரும்பிப் போக வேண்டிய பெரிய பாதை அதுதான். மேலே ரப்பர் உறை போட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. கையால் இழுத்தால்கூட உறை பிடித்துக்கொண்டது. அவர் பிளேடால் உறையைக் கிழித்தார். உள்ளே பச்சைப் பொடி கொட்டியது. கடற்காற்று அரித்திருந்தது. பின்னலில் எண்ணூறு இழை இருந்திருக்கும். விளக்கைப் பிடித்து எண்ணிப் பார்த்தோம். ஒன்பது இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

"போக வழியில்லாம கரண்டு இந்தக் கம்பி வழியாப் போயிருக்கு," என்றார். எரிபொருள் கம்பியைக் கழற்றி, உறையை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே வழுக்கலுக்காக இருந்த பிளாஸ்டிக் உருகி, கம்பியோடு ஒட்டிக்கொண்டு கறுத்திருந்தது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கொஞ்சம் உருகி, ஆறி, உருகி, ஆறி. கம்பியின் இழைகள் இரண்டு இடத்தில் அறுந்தே போயிருந்தன.

"இன்னும் எத்தன தடவ தாங்கியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அது அல்லாவுக்குத்தான் தெரியும். பத்து இருக்கலாம். ஒண்ணு இருக்கலாம்."

ராஜீவ் அந்தக் கறுத்த கம்பியைக் கையில் வாங்கினார். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தியோமானுக்குப் போகும் வழியில் நாற்பது நிமிடம் கீழே கடல் மட்டும்தான். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு அவர் வெளியே போய்ப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வேணாம் மா... இல்ல, ஒண்ணுமில்ல... அப்புறம் சொல்றேன்" என்று அவர் சொன்னது கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சம்சுன்னிசாவின் முன்னால் வந்து நின்றார்; சரியாக இடப்பக்கம்.

"சாரி கா."

"சாரி எதுக்கு தம்பி. நீங்க கேட்டது எல்லாரும் கேக்குறதுதான். போய்ச் சாப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

அன்று என் மருத்துவமனையை மூடிவிட்டேன். ஒரு பல்லைக்கூட அன்று தொடவில்லை. ஒரு பொறியாளர் பழுதைக் கண்டுபிடிப்பது புதிதல்ல. ஆனால் நகம் அளவு வாஷர், காதில் ஒரு கொசு, சுற்றும்போது திணறிய ஸ்டார்ட்டர் என்று மூன்றையும் அவர் ஒரே கயிற்றில் கோத்ததை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. அந்தக் கீச்சு ஒன்றரை மாதமாக என் இரண்டு காதிலும் கத்திக்கொண்டிருந்தது. நான் அதை வாயை மூடவைக்கத்தான் பார்த்தேன்.

கம்பியும் பட்டையும் வெளிநாட்டிலிருந்து வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்த நாட்களில் நான் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போவேன். பால் சேர்க்காத தே-ஓ குடித்துக்கொண்டே பேசுவார். அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா கடையநல்லூரிலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்சுன்னிசா பிறந்தது இங்கேதான். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது வலது காது போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. பள்ளியில் கவனிக்காத பிள்ளை என்று பெயர். வகுப்பில் வலப்பக்கக் கடைசி நாற்காலிக்குச் சண்டை போடுவாராம். அங்கே உட்கார்ந்தால் எல்லாருடைய குரலும் இடப்பக்கத்திலிருந்து வரும். பத்து வயதில் ஒரு பள்ளித் தாதி சோதித்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

"ஒரு காதுன்னா சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது டாக்டர்," என்றார் ஒரு நாள். "உங்களுக்குக் கூப்பிட்டவுடனே அந்தப் பக்கம் திரும்பத் தெரியும். எனக்குத் தெரியாது. ரோட்டுல மணி அடிச்சா நாலு பக்கமும் பார்ப்பேன். அதனால சின்ன வயசுலேர்ந்தே, இது என்ன சத்தம், எது அசைஞ்சா இப்படி வரும்னு யோசிச்சு யோசிச்சுத்தான் நடந்தேன்."

தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்தார். அங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையில் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கும் வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அவருக்கு முப்பது வயது, இரண்டு கைக்குழந்தைகள். கணவர் நசீர் பேருந்து ஓட்டுநர். ஈசூனில் மூன்றறை வீடு. விமானப் பட்டறையில் கம்பி கட்ட ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் பார்த்துப் போனார். நேர்முகத்தில் நூருல் அமீன், "ஏன் தலையச் சாய்ச்சே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னார். நூருல் அமீன் பெஞ்சில் கிடந்த இன்டர்காம் பெட்டிகள் நான்கைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல ஒண்ணு கெட்டுப்போனது. ரெண்டு பேரு பார்த்தாங்க, எதுன்னு தெரியல." அரை மணி நேரம் கழித்து சம்சுன்னிசா, "ஒண்ணு இல்ல, ரெண்டு கெட்டுப்போயிருக்கு" என்றார். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

விமானப் பொறியாளர் உரிமம் வாங்கும் தேர்வுகளை எட்டு வருடம் எழுதினார். நசீர் மாலை வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தத் தேர்வுகளைப் பற்றி அவர் பேசவே மாட்டார். நசீர்தான் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "டாக்டர், ஒரு பேப்பர்ல அஞ்சு தடவ fail. ஆறாவது தடவ போறப்ப நான் பஸ்ல போயி இறக்கி விட்டேன். என் பஸ்லயே. பாஸாகிட்டு அதே பஸ்ல ஏறுனா. ஏறும்போது டிக்கெட் கார்ட மெஷின்ல டொங்குனு தட்டுனா பாருங்க, அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

புதிய பட்டையும் கம்பியும் பொருத்திய அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. முந்தைய இடத்தில் மாட்டிய ஃபில்டரையும் அவர் கழற்றி எறிந்துவிட்டார். இன்ஜினைச் சுற்றினேன். ஒரே தட்டில் பிடித்தது. ஹெட்செட்டை மாட்டினேன்.

ஒன்றுமே இல்லை.

இன்ஜினின் அதிர்வு இருக்கையில் தெரிந்தது, ஆனால் காதுக்குள் வெறுமை. மெல்ல மெல்ல அந்த வெறுமைக்குள் ஏதோ கேட்டது. என் மூச்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு, கொஞ்சம் மெதுவாக. அவருடையது. ஒன்றரை மாதமாக அந்தக் கீச்சுக்கு அடியில் இவ்வளவு அமைதி இருந்திருக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

"மேல போய்ப் பார்க்கணும் டாக்டர்," என்றார். "தரையில நல்லா இருக்கிறது மேல மாறும். நான் கூட வரேன்."

பத்தொன்பது வருடமாக விமானங்களோடு இருக்கிறவர். சோதனைக்காக மேலே போனது இரண்டே முறைதானாம். இரண்டு முறையும் கருவியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையாம்.

மேலே ஏறும்போதும் அப்படித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாளையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். முழு வேகம்: பேனா ஒரு கோடு போட்டது. பாதி வேகம்: ஒரு கோடு. விளக்குகள், ரேடியோ, இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் மோட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோபுரத்துப் பெண் பேசினார்; அவர் நாற்காலி கிரீச்சிட்டதுகூட எனக்குக் கேட்டது. கடைசியில் பத்து நிமிடம், ஒன்றும் செய்யாமல், வெறுமனே பறக்கச் சொன்னார். நானும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"முடிஞ்சிச்சு," என்றார். பேனாவை மூடினார். கண்ணைத் திறந்தார்.

மழை கழுவிவிட்டுப் போன வானம். கீழே ஜொகூர் நீரிணை பச்சையாக ஓடியது. அந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் கடற்பாலம், ஒரு கோடு. அதன்மேல் எறும்பு வரிசையாக லாரிகள். ஈசூனின் வீடுகள் அடுக்கி வைத்த தீப்பெட்டிகள். அதற்கப்பால் நகரத்தின் கோபுரங்கள், அதற்கும் அப்பால் தென்கடலில் நூற்றுக்கணக்கில் கப்பல்கள், நங்கூரம் போட்டு, ஒரே பக்கம் முகம் திருப்பிக்கொண்டு. ஒரே பார்வைக்குள் முழு நாடும்.

அவர் ஜன்னலோடு நெற்றியைச் சேர்த்துக்கொண்டார். பிறகு, இரைச்சல் ஒன்றும் இல்லாத அந்த ஹெட்செட்டில், மிக மெதுவாக அவருடைய குரல் வந்தது.

"சுப்ஹானல்லாஹ்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தை அப்போது பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

"நம்ம ஊரு இவ்வளவுதானா டாக்டர்?"

"இவ்வளவுதான்."

"அந்த ரோட்டுல எங்கயோ நசீர் பஸ் ஓட்டிட்டு இருக்காரு." கண்ணாடியில் விரலை வைத்துத் தேடினார். "எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க. ஒரு கைக்குள்ள அடங்கிருது."

தரையிறங்கும் நேரம் வந்துவிட்டது. கோபுரத்தைக் கூப்பிட விரலை வைத்தபோது அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"டாக்டர், தப்பா நினைக்கலன்னா... இன்னொரு சுத்து சுத்தலாமா? சோதனைக்கு இல்ல. சும்மா."

நான் கோபுரத்திடம் அனுமதி கேட்டேன். மறுபடி சொல்லுங்கள் என்று அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அனுமதி கிடைத்தது. வலப்பக்கம் சாய்த்துத் திருப்பினேன், அவருடைய ஜன்னல் முழுக்கத் தரையும் கடலும் தெரியும்படி.